ருசி பார்க்க ஆளில்லாத ஓவன்

போன கிழமை, வேலை பழகுகிற உங்களில் ஒருவர் கேட்டீர்கள், இந்த மோட்டர் மாற்றுகிற வேலையில் ஆகக் கஷ்டமான இடம் எது என்று. நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். கேட்டது காதில் விழவில்லை என்று நினைத்திருப்பீர்கள். விழுந்தது. எனக்குப் பதில் மெதுவாகத்தான் வரும். நேற்று மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது.

"வேலை முடிஞ்சிது" என்று வாயால் சொல்கிறோமே, அந்த இடம்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மோட்டரின் நெற்றியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. இலக்கங்களை மட்டும் பார்ப்பேன். கழற்றும்போது நீங்கள் கைபேசியால் படம் எடுக்கிறீர்கள். நல்ல பழக்கம். நான் நூல் கட்டுவேன். முதல் வயருக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. தலை நுழையாத இடத்திலும் விரலால் தடவினால் எது எதுவென்று தெரிந்துவிடும். ஆலையில் நெல் குற்றுகிற மோட்டர், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர், ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் அடிக்கிற மோட்டர், எல்லாவற்றுக்கும் அதே நூல்தான். வயர் விஷயத்தில் நான் பிழை விட்டது குறைவு. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு பெருமை போதும். அதற்கு மேல் இருந்தால் கண் மறைக்கும்.

நான் வேலையை விடுவதற்கு முந்திய வருஷத்து நோன்பு அது. கல்முனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு பேக்கரி. அதை நடத்திய மனிதர் மௌத்தாகிப் போய், அவருடைய மனைவி ஹிதாயா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்துவிட்டு, வெளியே வந்து பேக்கரிக் கதவைத் திறந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. நாற்பது வயதிருக்கும். பொம்பளை ஆள் மாவுக்கும் நெருப்புக்கும் நடுவில் நின்று என்ன செய்யப் போகிறாள் என்று கதைத்தவர்கள் இருந்தார்கள். கடையை வாடகைக்குக் கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவள் ஒருவருக்கும் கடையைக் கொடுக்கவில்லை. கண்மூடுவதற்கு முன் அவளுடைய கணவர் மனதுக்குள் ஒரு நிய்யத்து வைத்திருந்தார். அடுத்த நோன்பில் ஒரு நாள், பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருகிற எல்லோருக்கும் தன் கையால் உருட்டிச் சுட்ட இனிப்புப் பணிஸ் கொடுக்க வேண்டும் என்று. அந்த நாளைத்தான் அவள் பள்ளிவாசலில் கேட்டு வாங்கியிருந்தாள். முழு ஊரின் வாயிலும் ஒரே நேரத்தில் அவளுடைய பேக்கரிச் சாமான் முதன்முதல் போகப் போகிற நாள்.

அன்று காலையில் அவளிடமிருந்து எனக்குப் போன் கோல் வந்தது.

"காக்கா, ஓவன் நிண்டுட்டு" என்றாள், சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

"சூடு வருதா தங்கச்சி?"

"சூடு வருது. காத்துத்தான் இல்ல. ஆள் மூச்சப் புடிச்சிக்கிட்டு இரிக்கிற மாதிரி இரிக்கி."

எனக்கு அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. உங்களில் அரிசி ஆலையிலேயே பழகியவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மாதிரி ஓவனுக்குள் பின்சுவரோடு ஒரு காற்றாடி இருக்கும். அது சூட்டை அள்ளி எல்லாத் தட்டுக்கும் சமமாக ஊதும். அதைச் சுற்றுகிற மோட்டர் பின்புறம் வெளியே இருக்கும். மோட்டர் நின்றால் சூடு ஒரே இடத்தில் குந்திவிடும். மேல்தட்டில் கருகும், கீழ்த்தட்டில் மாவு வெள்ளையாகவே கிடக்கும்.

போய்ப் பார்த்தேன். பெயாரிங் இறுகி, மோட்டர் உள்ளே எரிந்து போயிருந்தது. கொழும்பிலிருந்து எடுப்பித்தால் மூன்று நாள் ஆகும். எனக்கு ஞாபகம் வந்தது, அட்டாளைச்சேனையில் மூடிக்கிடந்த ஒரு பேக்கரியில் இதே ஓவன். அங்கே போனேன். காற்றாடியும் மோட்டரும் சேர்ந்தபடியே கழற்றி, சாக்கில் சுற்றி, மூலையில் வைத்திருந்தார்கள். சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நம்முடைய பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும். கடல் காற்றில் உப்பு. கழற்றி வைக்கிற எந்த இரும்பையும் ஆறு மாதத்தில் அது தின்றுவிடும். அதனால் நாம் கிறீஸைப் பூசி, வள்ளத்து இஞ்சினின் பழைய ஒயிலை மேலே தடவி, சுற்றி வைப்போம். அந்த மோட்டரையும் காற்றாடியையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள், பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் வைத்த மாதிரி. நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். பளபளவென்று வந்தது.

பிறகு வயர் வேலை. பழைய மோட்டரில் இருந்த நிறம் ஒன்று, வந்த மோட்டரில் இருந்த நிறம் வேறொன்று. நூல் முடிச்சுகளைத் தடவினேன், மீட்டரை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சூடு தாங்குகிற உறை போட்டேன். கவரை மூடுவதற்கு முன் ஒரு நொடி சுற்றவிட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தேன். மாறிச் சுற்றினால் காற்று வரும், ஆனால் நோஞ்சானாக வரும். அனேகம் பேர் அதில்தான் தவறுவார்கள். சரியாகச் சுற்றியது. ஒரு நூல் துண்டை ஓவன் வாசலில் பிடித்தேன். நூல் எழும்பி, என் முகத்தைப் பார்த்து நீட்டி நின்று ஆடியது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

"கரண்டு பாஸ், மோட்டரப் பாக்கிறீங்களா, நித்திர கொள்றீங்களா?" என்று கேட்டார் இஸ்மாலெவ்வை. அவர் அங்கே மாவு பிசைகிற பாஸ், கைவேலைக்காரர். முப்பது வருஷமாகப் பணிஸ் உருட்டி உருட்டி அவருடைய தோளும் பணிஸ் மாதிரி உருண்டுவிட்டது.

"ரெண்டும்தான்" என்றேன்.

நோன்பின் பிற்பகலுக்கு ஒரு மயக்கம் உண்டு. பசி ஒரு மணிக்கே போய்விடும். பிறகு தலைக்குள் ஒரு வெளி திறக்கும், அறுவடை முடிந்த வயல் மாதிரி, ஓரமே இல்லாமல். சத்தங்கள் தூரத்திலிருந்து வரும். அந்த ஓவன் ஊதிய சத்தம் எனக்குச் சில நேரம் கடலாகக் கேட்டது, சில நேரம் என் உம்மா அரிசி புடைக்கிற சத்தமாகக் கேட்டது. பங்குனி வெயில் கூரைத் தகட்டுக்குள்ளால் இறங்கி, மாவுத் தூசியில் நின்றது. அதற்குள் ஒரு மெல்லிய நீலப் புகையும் இருந்ததைக் கண்டேன். துடைத்ததில் மிஞ்சியது எரிகிறது என்று நினைத்தேன். பதினைந்து நிமிஷம் வெறுமனே ஓடவிட்டேன். புகை நின்றது. மணம் ஏதும் இருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். என் கை முழுக்க மண்ணெண்ணெய். மூக்குக்கு வேறொன்றும் தெரியவில்லை. உண்மையில் முக்கால் மணித்தியாலமாவது ஓடவிட்டிருக்க வேண்டும். தட்டுகளில் மாவு பொங்கி, துணிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேலை முடிஞ்சிது தங்கச்சி. போடச் சொல்லுங்க" என்றேன்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது பள்ளிவாசலுக்கான இருநூறு பணிஸும் வெளியே வந்தன. எல்லாம் ஒரே நிறம். கருகியது ஒன்றில்லை, வெளுத்தது ஒன்றில்லை. இஸ்மாலெவ்வை ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்தார், பஞ்சு மாதிரி. நோன்போடு சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம். விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் அப்படியே செய்தார். வாயைக் கொப்பளித்தார்.

"உப்புச் சரி" என்றார்.

ஹிதாயா பக்கத்தில் வந்தாள். ஒரு பணிஸைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்து, அதன் சூடு ஆறுமட்டும் வைத்திருந்தாள்.

தொழுதுவிட்டு வந்து நான் பின்வாசல் படியில் குந்தினேன். இஸ்மாலெவ்வை பிய்த்த பணிஸை மதிலில் வைத்திருந்தார். ஒரு காகம் வந்தது. கொத்தியது, ஒரு துண்டை விழுங்கியது. பிறகு தலையைச் சாய்த்து யோசித்தது. மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு, மூக்கை மதிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீட்டிவிட்டுப் பறந்துவிட்டது. கனவு காண்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தைக்குப் பின்னால் இருக்கிற காகம் அது. அழுகிய மீன் குடலைத் தின்கிற காகம்.

எனக்கு நித்திரை போய்விட்டது.

அந்த நேரம் சிவலிங்கம் ஓட்டோவோடு வந்தார். காரைதீவுக்காரர், அந்தப் பேக்கரியில் சுடுகிற பாணைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கிறவர். பள்ளிவாசலுக்குப் பணிஸை ஏற்றிப் போக அவரைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"தம்பி, ஒண்டு சாப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "என்ன காக்கா பகிடி. நோன்புக்காரர் மூணு பேர் நிக்கிற இடத்துல நான் வாயத் தொறந்து திங்கவா?"

"பகிடி இல்ல. இஞ்ச நோன்பில்லாத ஆள் நீங்க ஒராள்தான்."

"நான் விடியத்தில இருந்து இந்தப் பக்கத்தால வந்தாத் தண்ணி கூடக் குடிக்கிறல்ல. எங்கட அம்மா கேள்விப்பட்டா ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

"அம்மாக்கு நான் சொல்றன்."

"நீங்க சொன்னா நான் உங்களையும் சேத்துக் கெடுத்துப் போட்டன் எண்டு சொல்லுவா."

ஹிதாயா பார்த்துக்கொண்டே நின்றாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, "அண்ணன், திண்டு பாருங்க. நாங்க அங்கால திரும்பி நிக்கிறம்" என்றாள்.

அப்படியே செய்தோம். மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம், தொழுகைக்கு நிற்கிற மாதிரி. பின்னால் அவர் மெல்லுகிற சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் ஒரு மனிதன் மெல்லுவதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஓவன் ஊதிக்கொண்டிருந்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒரு தீவு மாதிரி இருந்தது. நான் அந்தத் தீவில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

"நல்லாத்தான் இரிக்கி" என்றார்.

நான் மூச்சை விட்டேன்.

"பொறுங்க" என்றார் பிறகு. "விழுங்கினாப் பொறகு என்னவோ தொண்டையால ஏறி வருது."

"என்ன மாதிரி?"

"ஒலுவில்ல வள்ளத்து இஞ்சினுக்குப் பக்கத்துல இருந்து சோறு திண்ட மாதிரி."

நாக்கு நுனி அதைக் கண்டிருக்காது. அது விழுங்குகிறவனுக்கு மட்டும் வருகிற ருசி. பகல் முழுக்க அந்த இடத்தில் விழுங்குகிறவர் ஒருவரும் இல்லை. பொழுது பட்டு மஃரிபுக்கு நோன்பு திறக்கும்போது ஊரே ஒரே நேரத்தில் விழுங்கியிருக்கும்.

இஸ்மாலெவ்வையின் கண் நேரே மார்ஜரின் டின்னுக்குப் போனது. "புதுசா வந்த டின். அதுலதான் என்னவோ. நான் அப்பவே நினைச்சன்" என்றார். ஹிதாயாவும் டின்னைப் பார்த்தாள். சிவலிங்கமும் பார்த்தார்.

தம்பிமாரே, உண்மையைச் சொல்கிறேன். அந்த டின்னைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நல்ல மஞ்சள் நிறத்தில், வாயில்லாத சீவனாக அது நின்றது. வயர் சரி. சுற்றுகிற பக்கம் சரி. சூடு சமம். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஸலாம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் வேறு டின்னை உடைத்து, புது மாவு பிசைந்து, அதே ஓவனில் போட்டிருப்பார்கள்.

"டின் இல்ல தங்கச்சி" என்றேன். "என்ட மோட்டர்தான். காத்தாடிக்குள்ள எங்கயோ கிறீஸ் கிடக்கு. நான் சரியா எரியவிடல்ல."

அவள் டின்னை விட்டு என் பக்கம் திரும்பினாள். "வேலை முடிஞ்சிது எண்டீங்களே காக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"முடியல்ல. முடிஞ்சிது எண்டு நினைச்சிட்டன்."

இஸ்மாலெவ்வை தலையைச் சொறிந்தார். "பேரீச்சம்பழமும் கஞ்சியும் போன வாய்க்கு இது தெரியவா போகுது? நேரமும் இல்ல. இதையே அனுப்புவம்."

"பகல் முழுக்கப் பட்டினி கிடந்த வாய்க்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள் ஹிதாயா. "அவர்ட பேரச் சொல்லிக் குடுக்கிற சாமான். இத நான் குடுக்க மாட்டன்." பிறகு சிவலிங்கத்தைப் பார்த்தாள். "பள்ளில போய்ச் சொல்லுங்க அண்ணன். பணிஸ் பிந்தும். தொழுதுட்டு வெளிய வாற நேரம்தான் வரும் எண்டு."

"ஏன் பிந்துது எண்டு கேப்பாங்க."

"முதல் போட்டது பிழைச்சிட்டு எண்டு சொல்லுங்க. ஒளிக்காதீங்க."

கடை திறந்து மூன்றே கிழமையில், முழு ஊருக்கும் முன்னால், பிழைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். கரண்ட் போய்விட்டது என்றாவது சொல்லியிருப்பேன்.

மணி நாலேகால். இஸ்மாலெவ்வை முணுமுணுத்துக்கொண்டே புது மாவுக்குத் தண்ணீர் ஊற்றினார். வேறொருவர் கரண்டைப் போட்டுவிடாதபடி நான் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். எவ்வளவு அவசரமென்றாலும் பியூஸ் உங்கள் பையில் இருக்க வேண்டும், மற்றவரின் ஞாபகத்தில் இருக்கக் கூடாது. ஓவன் ஆறும்வரை இருக்க நேரமில்லை. மாவுச் சாக்கை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு காற்றாடியைக் கழற்றினேன். பார்த்தால், மோட்டர்த் தண்டு நுழைகிற நடுக்குடத்துக்குள், துணி போகாத இடுக்கில், கறுப்பாக உருகிக் கிடக்கிறது. வெளியே துடைத்துப் பளபளவென்று பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். உள்ளே விரலை விடவில்லை. வயரை இருட்டில் தடவிப் பார்க்கத் தெரிந்த விரலுக்கு அதைத் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. அது கரண்ட் வேலை இல்லை என்று நினைத்திருக்கும்.

ஹிதாயா கொதிதண்ணியும் சவர்க்காரமும் சோடாத் தூளும் கொண்டுவந்து வைத்தாள். நான் தேய்த்தேன், அவள் ஊற்றினாள். ஓவனின் பின்சுவரையும் அவளே குனிந்து தேய்த்தாள். தண்ணீர் முதலில் கறுப்பாக ஓடியது, பிறகு சாம்பலாக, பிறகு தண்ணீராக. அவ்வளவு தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நோன்போடு நிற்பது ஒரு வேடிக்கைதான். தாகம் என்பது எங்கோ ஒரு வீட்டில் வேறொருவர் படுகிற பாடு மாதிரி இருந்தது.

திரும்பப் பூட்டினேன். முடிச்சைத் தடவினேன். ஆகக் கூடிய சூட்டில் வைத்து, வெறும் ஓவனை ஓடவிட்டேன். ஒரு பெரிய அவசரத்தில் செய்ய வேண்டிய வேலை, பல நேரம், ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான். முக்கால் மணித்தியாலம் மூன்று பேரும் கதவுக் கண்ணாடிக்குள்ளால் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் வெளிச்சம், வெறும் தட்டுகள், கண்ணுக்குத் தெரியாத காற்று. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, மூன்று தரம் கழுவி, வாசலில் மோந்து பார்த்தேன். சூட்டின் மணம் மட்டும்தான் வந்தது. இஸ்மாலெவ்வை மாவைப் பொங்கவிட்டு, அதற்குப் பக்கத்தில் காவல் இருந்தார்.

பணிஸை உள்ளே தள்ளியபோது வெயில் மதிலைவிட்டு இறங்கியிருந்தது. வெளியே எடுத்த நேரமும் பாங்கு சொன்ன நேரமும் ஒன்றாகத்தான் இருந்தன. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர். தண்ணீர் உள்ளே இறங்குகிற பாதை முழுக்கத் தெரிந்தது.

இனிமேல் யாரையும் திரும்பி நிற்கச் சொல்லத் தேவையில்லை. நான் முதலாவது பணிஸை எடுத்தேன். சுடச்சுடப் பிய்த்து வாயில் போட்டேன், மென்றேன், விழுங்கினேன். சிவலிங்கமும் திரும்பி வந்திருந்தார். மூன்று பேரும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் காத்துக்கொண்டு நின்றேன். மேலே வருகிறதா, வருகிறதா என்று. பள்ளிவாசலில் தொழுகை தொடங்க இகாமத் சொல்வது கேட்டது.

ஒன்றும் வரவில்லை.

"ஏத்துங்க தம்பி" என்றேன்.

சிவலிங்கம் அரை மணித்தியாலத்தில் வெறுந்தட்டுகளோடு வந்தார். ஆட்கள் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுகிற இடத்தில் ஓட்டோவை நிற்பாட்டினாராம். பணிஸ் பிழைத்த கதையை ஒருவர் தொடங்கினாராம். அதற்குள் சூட்டுப் பணிஸின் வாசம் அவருடைய மூக்குக்குப் போய்விட்டதாம். "கதைச்ச வாயிலயே வாங்கிப் போட்டுக்கிட்டாரு" என்றார் சிவலிங்கம். "ஒண்டும் மிச்சமில்ல. நாளைக்கும் வருமா எண்டு கேட்டாங்க."

ஹிதாயா அதுவரை தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. இஸ்மாலெவ்வை அவளுக்கென்று ஒரு பணிஸை மூடி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு மாவுச் சாக்கின் மேல் குந்தினாள். சின்னதாகப் பிய்த்து மென்றாள். விழுங்கினாள். என்னைப் போலவே, மேலே வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நான் பையைக் கையில் பிடித்தபடி, போகாமல் நின்றேன்.

கண்ணைத் திறந்து இஸ்மாலெவ்வையைப் பார்த்தாள்.

"சீனிதான் கொஞ்சம் கூடிட்டு" என்றாள்.